கிரஷர் வாசலிலேயே எடை பாருங்கள்: மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தங்கள் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குவாரிகளிலிருந்தும், கல்லுடைக்கும் ஆலைகளான கிரஷர்களிலிருந்தும் கருங்கல்லும் ஜல்லியும், கல்லை அரைத்துச் செய்யும் மணலான எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் டாரஸ் என்ற பெரிய லாரிகளைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு மனுக்கள் வந்து குவிந்திருக்கும். மறியல்கள் நடந்துவிட்டன. ஊர்க்காரர்கள் லாரிகளைச் சிறைபிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பள்ளி நேரத்தில் ஓடக்கூடாது என்று நேரக் கட்டுப்பாடும் அவ்வப்போது அறிவிக்கப்படுகிறது. எந்த வழியாகப் போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம், கேரளத்துக்குப் போகலாமா கூடாதா என்றெல்லாம் பேசிவிட்டோம். எத்தனை டன்னோடு போகலாம் என்ற கேள்வியை மட்டும் யாரும் அழுத்திக் கேட்பதாகத் தெரியவில்லை. சட்டத்தில் மிகத் தெளிவாக விடை எழுதியிருக்கும் கேள்வி அது ஒன்றுதான்.

நான் விளவங்கோடு வட்டத்தில் ஓர் எடைமேடையில் சீட்டுப் போடுகிறவன். ரப்பர், தேங்காய், பழைய இரும்பு, கல், மணல் என்று எல்லாச் சரக்கும் எங்கள் மேடையில் ஏறி இறங்கும். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்த்து, 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆயிற்று. பத்துச் சக்கரங்கள் கொண்ட மூன்று அச்சு லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன்னானது. எவ்வளவு பெரிய வண்டியானாலும் 49 டன் என்றிருந்த உச்சவரம்பு 55 டன்னுக்கு ஏறியது. வரம்பை உயர்த்தினால் மிகைப்பாரம் தானாகக் குறைந்துவிடும் என்று அப்போது சிலர் நம்பினார்கள். ஏற்றுகிறவர்கள் புதிய வரம்பையும் பழையதைப் போலவே நடத்தினார்கள்.

பத்துச் சக்கர டிப்பர் ஒன்றின் காலி எடை பத்து, பத்தரை டன் வரும். ஆக, சட்டப்படி அது சுமக்கக்கூடிய சரக்கு 18 டன். நம் ஊரில் எம்.சாண்ட் விற்பது டன் கணக்கில் இல்லை, யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உலர்ந்த எம்.சாண்ட் ஒரு யூனிட் நாலரை டன்னுக்குக் குறையாது. கழுவிய ஈரத்தோடு ஏற்றினால் 5 டன்னை நெருங்கும். நான்கு யூனிட் ஏற்றினாலே வரம்பைத் தொட்டுவிடும், ஈர மணலாக இருந்தால் தாண்டிவிடும். ஆனால் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'ஒரு லோடு' என்றால் ஆறு யூனிட் என்பார்கள். ஆறு யூனிட் ஏற்றிய வண்டி 37, 38 டன்னில் நிற்கும். வரம்புக்கு மேல் 9 டன்.

இதில் வண்டியின் பெட்டிக்கும் பங்கு உண்டு. நிலக்கரி போன்ற எடை குறைந்த சரக்குக்கு ஏற்ற பெரிய பெட்டியைக் கல்லும் மணலும் ஏற்றும் வண்டியில் பொருத்தினால், விளிம்புவரை நிரப்பும்போதே எடை எகிறிவிடும். அது போதாதென்று பக்கப்பலகையையும் உயர்த்திக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற போலீஸ்காரருக்குப் பெட்டி வழியவில்லை, தார்ப்பாய் மூடியிருக்கிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பார்க்க வேண்டிய இடம் வேறு. பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். காலி வண்டியில் அவை வில்லாக வளைந்திருக்கும். அளவோடு ஏற்றிய வண்டியிலும் அந்த வளைவு கொஞ்சம் மிச்சமிருக்கும். மிகைப்பார வண்டியில் பட்டைகள் நேர்கோடாகப் படுத்துவிடும், சிலவற்றில் எதிர்ப்பக்கமாகவே வளைந்திருக்கும். இரட்டைச் சக்கரங்களின் பக்கச்சுவர்கள் பிதுங்கி ஒன்றையொன்று உரசுகிற அளவுக்கு நெருங்கியிருக்கும். பின்கதவின் இடுக்கிலிருந்து நீர் ஒழுகிச் சாலையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வண்டி எந்தக் கிரஷரிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்; அதற்கு ஆய்வாளர் தேவையில்லை.

இந்தக் கூடுதல் எடை சாலையை என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றரை மடங்கு எடை என்றால் ஒன்றரை மடங்கு சேதம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே சாலைகள் போட்டு, லாரிகளை ஓட்டோ ஓட்டென்று ஓட்டிப் பார்த்துக் கண்டறிந்தது வேறு. அச்சின் எடை கூடக்கூட, சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. ஒன்றரை மடங்கானால் 5 மடங்கு. நம் நாட்டில் சாலைகளை வடிவமைக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறையும் இந்தக் கணக்கைத்தான் கையாளுகிறது. நெடுஞ்சாலைத்துறைப் பொறியாளர்கள் ஒவ்வொருவருக்கும் இது பாடம். குழுவில் அவர்களும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை வைத்து அந்த 38 டன் லாரியைக் கணக்கிடுவோம். 28.5 டன்னுக்கு அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நான்காம் அடுக்கில் போட்டால், சட்டப்படி ஏற்றிய லாரியைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான சேதம். அதாவது, ஆறு யூனிட் ஏற்றிய ஒரு வண்டி, அளவோடு ஏற்றிய மூன்று வண்டிகளின் தேய்மானத்தைச் சாலைக்குத் தருகிறது. அளவோடு ஏற்றிய மூன்று வண்டிகள் 54 டன் சரக்கைக் கொண்டு போயிருக்கும். மிகைப்பார வண்டி கொண்டு போனது 28 டன்கூட இல்லை. 'குறைவாக ஏற்றினால் டிரிப் கூடும், சாலை மேலும் கெடும்' என்று லாரி உரிமையாளர்கள் சொல்லும் வாதத்துக்கு இதுதான் பதில். டிரிப் கூடும், உண்மை. சாலை கெடுவது பாதிக்கு மேல் குறையும்.

இதுவும் காய்ந்த தரைக்கான கணக்கு. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஆண்டில் பாதிக்கு மேல் சாலையின் அடிமண் ஈரமாகத்தான் இருக்கிறது. தார் மேல்தளத்தில் சிறிய வெடிப்பு விழுந்தால் அதன் வழியாக நீர் இறங்கும். கனமான சக்கரம் ஏறும்போது அந்த நீர் அழுத்தப்பட்டுப் பக்கவாட்டில் பீறிடும், வரும்போது அடித்தளத்தின் நுண்மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். மழைக்கு மறுநாள் வெடிப்பைச் சுற்றிச் செந்நிறச் சேறு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அடியில் பொந்து விழத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில வாரங்களில் அது குழி. குழியில் விழுவது டாரஸ் லாரி இல்லை. அதன் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிறவர்.

தேசிய நெடுஞ்சாலை 66-இல் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிற பாதையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. அது தேசிய நெடுஞ்சாலை, ஓரளவு தாங்கும். சோதனையைத் தவிர்ப்பதற்காக லாரிகள் உள்ளே திரும்பும் சாலைகள்தான் உண்மையில் சாகின்றன. அருமனை, கடையாலுமூடு, பனச்சமூடு பக்கம் இருக்கும் கிராமச் சாலைகள் எத்தனை அகலம் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே ஒரு பஸ் வந்தால் இரண்டில் ஒன்று பின்னோக்கிப் போக வேண்டும். கோதையாறு இடதுகரைக் கால்வாயும் பட்டணங்கால்வாயும் ஓடும் பக்கங்களில் கரையே சாலையாகிவிட்ட இடங்கள் பல. சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் என்று போட்ட கரையில் 38 டன் ஏறினால் கரை உட்காரும், ஓடைப்பாலம் விரிசல் விடும், அடியில் போகும் குடிநீர்க் குழாய் உடையும். பிறகு ஊராட்சி பணமில்லை என்று கைவிரிக்கும்.

2019-இல் பிரதமர் முறைப்படி திறந்துவைத்த மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 2024 மே மாதம் பள்ளம் விழுந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். மிகைப்பாரம்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை, கட்டுமானத்தைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. ஆனால் அந்தப் பாலத்தின்மீது அன்றாடம் ஏறிய லாரிகளின் எடைப் பதிவு எங்காவது இருந்திருந்தால், காரணம் இது, அல்லது இது இல்லை என்று யாராவது உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 113-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டக்கூடாது என்கிறது. 114-ஆவது பிரிவு, சந்தேகம் வந்தால் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு உரிமை தருகிறது. வண்டி போகும் வழியில் 10 கி.மீ.க்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கி.மீ.க்குள் எடைமேடை இருந்தால் போதும். நம் மாவட்டத்தின் பரப்பில், இந்த நிபந்தனைக்கு வெளியே நிற்கும் சாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். நம் ஆறு யூனிட் வண்டிக்கு 38,000 ரூபாய்க்குக் குறையாது. எடை போட மறுத்தாலும், எடை போடுவதற்கு முன் சரக்கைக் கொட்டிவிட்டாலும் 40,000.

எல்லோரும் பேசுவது அபராதத்தைப் பற்றித்தான். அதே பிரிவில் அதைவிடக் கூர்மையான இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. இறக்கும் செலவும் அவர்கள் தலையில். அபராதச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே எடையோடு கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டுவது சட்டப்படி முடியாத காரியம். பணம் கட்டினால் மிகைப்பாரத்தோடு ஓடலாம் என்று சில மாநிலங்கள் அட்டை வழங்கி வந்ததை 2005-இலேயே உச்ச நீதிமன்றம் கூடாதென்று சொல்லிவிட்டது. ஆனாலும் 'ஃபைன் கட்டியாச்சு, வழியை விடு' என்ற பேச்சு இன்றும் சாலையில் கேட்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை வழக்குகளில் சரக்கு இறக்கப்பட்டது என்பதைத் தனிப் பத்தியாகப் போட்டு அறிக்கை கேளுங்கள். அபராதத் தொகையைக் காட்டிலும் அந்தப் பத்திதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு வரி: ஓட்டுகிறவரை மட்டுமல்லாமல், அப்படி ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் அந்தப் பிரிவு குற்றவாளி என்கிறது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம் என்பதும் 113-இல் இருக்கிறது. அப்படியிருந்தும் நடுராத்திரியில் நடுரோட்டில் பிடிபட்டுக் கைகட்டி நிற்பவர் யார்? டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர். ஆறு யூனிட் ஏற்றாதே என்று சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை. சொன்னால் நாளை அந்த இருக்கையில் வேறொருவர். எடையை முடிவு செய்தது கிரஷரில் வாளியை அசைத்த இயந்திரமும், அதற்கு உத்தரவு கொடுத்தவரும், பில் போட்டவரும். அவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் கோரிக்கையின் சாரம் இதில்தான் இருக்கிறது. லாரியைச் சாலையில் துரத்துவதைக் குறைத்து, ஏற்றும் இடத்தின் வாசலில் எடை பாருங்கள். மாவட்டத்தில் ஓடும் லாரிகளைக் கணக்கெடுப்பது கடினம், ஆனால் அவை சரக்கேற்றும் குவாரிகளும் கிரஷர்களும் எத்தனை, எங்கே என்பது கனிமவளத்துறையின் பதிவேட்டில் இருக்கிறது. சரக்கு வெளியேற நடைச்சீட்டு வேண்டும் என்பதை 2011-ஆம் ஆண்டின் கனிமக் கடத்தல் தடுப்பு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. கல்லுக்கான கட்டணத்தைக் கன மீட்டரிலிருந்து மெட்ரிக் டன்னுக்கு மாற்றியதை எதிர்த்து 2025-இல் குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கட்டணத்தை டன்னில் கணக்கிடும் அரசு, சரக்கை எடை போடாமல் டன்னை எங்கிருந்து எடுக்கிறது என்று கேட்பது நியாயம்தானே?

நடைச்சீட்டு இப்போது இணையவழியில் வருகிறது. வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை மத்திய அரசின் வாகன் தரவுத்தளத்தில் இருக்கிறது. வண்டி எண்ணைத் தட்டினால் காலி எடையும் மொத்த எடையும் திரையில் வரும். வித்தியாசத்துக்கு மேல் ஒரு டன் போட்டாலும் சீட்டு அச்சாகாதபடி செய்வது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. வாசலில் முத்திரையிட்ட எடைமேடை, அதன் எண் நேராக நடைச்சீட்டில் ஏறுவது, கையால் எண்ணைத் திருத்த இடமில்லாமல் இருப்பது, இவ்வளவுதான். எண்ணைக் கையால் அடிக்க விட்டால் எல்லா லாரிகளும் மிகச் சரியாக 28.5 டன்னில் நிற்கும், அதை எங்கள் தொழிலில் இருக்கும் சின்னப் பையன்கூடச் சொல்வான்.

மாநில அளவில் மாற்ற வேண்டியதை மாநிலத்துக்கு எழுதுங்கள். மாவட்ட அளவில் செய்யக்கூடியது உடனே இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் கனிமவளத்துறையும் சேர்ந்து, முன்கூட்டிச் சொல்லாமல், கிரஷர் வாசலுக்கு வெளியே நின்று வெளிவரும் முதல் பத்து வண்டிகளை எடை போடட்டும். மிகைப்பாரம் என்றால் அங்கேயே, ஏற்றிய குவியலிலேயே இறக்கச் சொல்லட்டும். சாலையோரத்தில் இறக்க இடமில்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. கூடவே கிரஷர் அலுவலகத்தில் விற்பனைப் பில்லைக் கேளுங்கள், ஆறு யூனிட் என்று பில்லிலேயே இருக்கும். நெல்லைப் பக்கமிருந்து காவல்கிணறு வழியாக வரும் வண்டிகளுக்குத் திருப்பதிசாரம் சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே கடக்கும் சரக்கு லாரிகளின் எடை போக்குவரத்து அலுவலகத்துக்கு அன்றன்றே போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள்.

கேரளத்துக்குக் கனிமம் போகக்கூடாது என்று போராடும் நண்பர்கள் என்மேல் வருத்தப்படலாம், பிரச்சினையை டன்னாகச் சுருக்கிவிட்டேன் என்று. மலையை எவ்வளவு வெட்டலாம் என்பது தனி வழக்கு, அதில் நானும் அவர்கள் பக்கம்தான். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு மட்டுமே ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்குக் கல் கொட்டினார்கள். அதே காலத்தில் நம்முடைய நான்குவழிச்சாலை மண் இல்லை என்று பாதியில் நின்றது. இந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் எடை வரம்புச் சட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. எல்லைக்கு அப்பால் பாறசாலைக்குப் போகும் வண்டிக்கும், நம் பள்ளியாடியில் வீடு கட்டுகிறவருக்குப் போகும் வண்டிக்கும் ஒரே 28.5 டன்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இதே நாடாளுமன்றச் சட்டம்தான் நடக்கிறது. அடுத்த மாவட்ட நிர்வாகத்தோடு நீங்கள் பேச இதைவிட எளிதான பொருள் கிடையாது.

விலை ஏறும். இதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு யூனிட்டுக்கும் குறைவாக ஏற்றினால் யூனிட்டுக்கான வண்டிக்கூலி கூடும், வீடு கட்டுகிறவர் கொடுக்க வேண்டிவரும். இன்று அந்தப் பணத்தை நாம் கொடுக்காமல் இல்லை. ஒட்டுப்போடும் டெண்டராகவும், இருசக்கர வாகனத்தின் ஷாக் அப்சர்பராகவும், சில வீடுகளில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அலையும் செலவாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாக் கிரஷர்களிலும் ஒரே நாளில் எடை வரம்பு நடைமுறைக்கு வந்தால் எந்த வியாபாரிக்கும் தனி நஷ்டம் இல்லை. ஒருவரை மட்டும் பிடித்தால்தான் அவர் பிழைப்பு போகும், அடுத்தவர் கொழிப்பார். அளவோடு ஏற்ற விரும்பும் லாரி உரிமையாளர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். டயரும் ஸ்பிரிங்கும் மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் அவர்கள். இன்றைய நிலையில் அவர்களுக்கு லோடு கிடைப்பதில்லை.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒரு செய்தி. தொழிலாளர் துறையிலிருந்து எடையளவு ஆய்வாளர் ஆண்டுதோறும் வந்து எங்கள் மேடையைச் சரிபார்த்து முத்திரை வைத்துவிட்டுப் போகிறார். மேடை சரியாக எடை காட்டுகிறதா என்பதுதான் அவர் வேலை, அதைச் செவ்வனே செய்கிறார். மேடை என்ன எடையைக் காட்டியது என்று கேட்பது யாருடைய வேலை என்று தெரியவில்லை. டன் கணக்கில் வாங்கும் ஒப்பந்தக்காரர்கள் சரக்கை எங்களிடம் எடை போட்டுத்தான் பணம் தருகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் வண்டி எண், தேதி, நேரம், மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை எல்லாம் அச்சாகிறது. ஒரு பிரதி ஓட்டுநருக்கு, ஒன்று வாங்குகிறவருக்கு, பதிவு எங்கள் கணினியில். 28.5 டன் அனுமதி பெற்ற வண்டி 37 டன் காட்டிய சீட்டுகள் அதில் எத்தனை என்று இதுவரை எந்தத் துறையும் கேட்டதில்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு எடைமேடையிலும் இதே கதைதான் இருக்கும்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எடைமேடைகள் தங்கள் பதிவை மாதந்தோறும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்துமூலமாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எங்கள் முதலாளிமார் வாடிக்கையாளருக்குப் பயந்து செய்யமாட்டார்கள். ஆணை கையில் இருந்தால், 'எங்கள் கையில் இல்லை, மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிவிட்டு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்து எடைமேடை ஊழியர் ஒருவர்